மாட்டுக்கு 1962, மனுஷனுக்கு 104... நோய்க்கு எந்த நம்பர்?

செல்லூர்னு சொன்னதும் தெர்மாகோல் மீம்தான் ஞாபகத்துக்கு வருதா? அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. மதுரைக்காரர்களிடம் இந்த ஏரியா பற்றி இன்னொரு தண்ணிக் கதை இருக்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் வழிந்து, தண்ணீர் வீடுகளுக்குள்ளேயே வந்தது. ரீல்ஸில் பார்த்திருப்பீங்க.

வீடியோவில் தெரியாத ஒன்று உண்டு. இப்படித் தேங்கும் தண்ணீரில் எலி, மாடு, நாய், பன்றி என எல்லாவற்றின் சிறுநீரும் கலந்திருக்கும். அதில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா இருந்தால், காலில் இருக்கும் சின்னக் கீறல் போதும், உள்ளே வந்துவிடும். இதைத்தான் எலிக்காய்ச்சல் என்கிறோம். பேர் என்னவோ எலிக்குப் போய்விட்டது, ஆனால் மாடும் நாயும்கூட இதைப் பரப்பும்.

இதில் சிக்கலே நேரம்தான். தண்ணீரில் நடந்த அன்றைக்கே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வரும். அதற்குள் தெரு காய்ந்திருக்கும், நமக்கும் மறந்திருக்கும். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடுமையான வலி... டெங்குவா, சாதாரண வைரல் காய்ச்சலா என்று குழம்ப வைக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, உயிருக்கே ஆபத்து.

இப்போ அந்த மாட்டுக்கு வருவோம். இதே கிருமி மாட்டுக்கு வந்தால் சினை கலையலாம், பால் திடீரென்று குறையலாம். அதாவது, மாடு வளர்க்கும் ஒரு அக்காவுக்குத் தெருவில் யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு தகவல் கிடைத்திருக்கலாம். அவர் கால்நடை மருத்துவரிடம் சொல்வார். நீங்கள் காய்ச்சலோடு வேறொரு டாக்டரிடம் போவீர்கள். அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்களா? மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஒன் ஹெல்த்’ என்பதன் அடிப்படைக் கேள்வியே இதுதான்.

செல்லூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், சின்னச் சொக்கிகுளத்தில், இந்தக் கேள்வியோடு பல வருஷமாக மல்லுக்கட்டிய ஓர் இடம் இருக்கிறது. 1985-ல் ஐ.சி.எம்.ஆர் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம். மதுரைக்காரர்கள் பலருக்கே தெரியாது, பாவம். அங்கே முக்கியமாக ஆராய்ந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்களை. பேரில் ஜப்பான் இருந்தாலும், இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம்ம வேலூர்ப் பக்கம்தான், 1955-ல். இந்த வைரஸின் வீடு கொக்கு, நாரை. அது பெருகுவது பன்றியின் உடம்பில். தூக்கிக்கொண்டு வருவது வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் கொசு. கடைசியில் மாட்டிக்கொள்வது குழந்தை. மனிதரிடமிருந்து கொசு மூலம் அது அடுத்தவருக்குப் போகாது, நம்மிடம் வந்து நின்றுவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் மட்டும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால், கதையின் கடைசி சீன் மட்டும்தான் தெரியும். வயலுக்கும் பன்றிப் பட்டிக்கும் போய்க் கொசு பிடித்தால்தான் முதல் சீன் கிடைக்கும்.

1957-ல் கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. அதையொட்டி ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல். உண்ணிகள் பரப்பும் கியாசனூர் காட்டு நோய் அது. 1999-ல் நியூயார்க்கில் காக்காய்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மனிதர்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலும் அதுவும் ஒன்றே என்று பிறகுதான் புரிந்தது. வெஸ்ட் நைல் வைரஸ். காக்காயைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், நோயாளியைப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம் இருந்தார்கள்.

இந்தச் சுவரை உடைக்கத்தான் இந்தியாவில் தேசிய ஒன் ஹெல்த் மிஷன். 2022 டிசம்பரில் நாக்பூரில் இதற்கென ஒரு தேசிய நிறுவனத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாக்பூர் லேப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குலமங்கலம் ரோட்டில் நாலு கோழி செத்த சேதி அங்கே தானாகப் போய்ச் சேராது. யாராவது சொல்லணும்.

அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க: “ரெண்டு வாரம் முன்னாடி மழைத்தண்ணியில நடந்தேன்”, “வீட்ல மாடு இருக்கு”, “பக்கத்துல கோழிங்க செத்துச்சு”. இந்த ஒரு வரி அவர் எழுதும் டெஸ்ட்டையே மாற்றலாம். காலில் புண் இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டிவந்தால் பூட்ஸ் போடுங்க, வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க.

பறவைகளோ கோழிகளோ காரணமில்லாமல் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீங்க, நாய் இழுத்துப் போக விடாதீங்க. கால்நடைகளுக்கு 1962, மனிதர்களின் உடல்நல ஆலோசனைக்கு 104. இரண்டையும் இப்போதே போனில் சேவ் பண்ணிக்கலாம். போட்டோ எடுத்தால் லொகேஷனையும் குறித்து வைங்க. வெறுமனே ‘செல்லூர்’னு சொன்னால், கண்மாய்க் கரையா, மீனாம்பாள்புரமா, 50 அடி ரோடான்னு வருகிறவர் தேடிக்கொண்டு நிற்பார்.