முதலெழுத்தும் உடுக்குறியும்

தமிழறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இந்தப் பெயரில் 'சி' அவர் பிறந்த சிறுப்பிட்டி. 'வை' தகப்பன் வைரவநாதர். யாழ்ப்பாணத்தில் எத்தனை தாமோதரம்பிள்ளைகள் இருந்தாலும் அந்த எழுத்துகள் ஆளைக் காட்டிவிடும். தரவுத்தளத்தோடு பேசும் எஸ்.கியூ.எல். மொழிக்கும் இந்த வழக்கம் உண்டு. 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழி அது.

ஊர் வாசிகசாலை ஒன்றின் தரவுத்தளத்தில் 'நூல்கள்', 'ஆசிரியர்கள்' என்று இரண்டு அட்டவணைகள் என்று வைப்போம். இரண்டிலும் 'பெயர்' என்ற புலம் உண்டு. அவற்றை இணைத்து வெறுமனே 'பெயர்' என்று கேட்டால், யாருடைய பெயர் என்று தெரியாமல் வினவல் பிழைகாட்டி நின்றுவிடும். ஆகவே முதலெழுத்து வைக்கிறோம்:

செலெக்ட் நூ.பெயர், ஆ.பெயர்
ஃப்ரம் நூல்கள் நூ
ஜொயின் ஆசிரியர்கள் ஆ
ஒன் நூ.ஆசிரியர்_எண் = ஆ.எண்

'நூ', 'ஆ' இரண்டும் மாற்றுப்பெயர்கள். பெயர்சூட்டல் ஃப்ரம் பகுதியில் நடக்கிறது. செலெக்ட் மேலே நின்றாலும், பொருள்கொள்ளும் ஒழுங்கில் ஃப்ரம்தான் முந்தியது; அதனால்தான் கீழே வைத்த பெயரை மேலே சொல்ல முடிகிறது. இந்தப் பெயர் அந்த ஒரு வினவலோடு முடிந்துவிடும். ஆனால் அதற்குள் 'நூல்கள்.பெயர்' என்று பழைய பெயரால் கூப்பிட்டால், பெரும்பாலான தரவுத்தளங்கள் திரும்பியும் பார்க்கா.

அடுத்தது உடுக்குறி, அதாவது நட்சத்திரம். 'செலெக்ட் *' என்பது வாசிகசாலைக்குள் போய், "எல்லாத்தையும் எடுத்துத் தாங்கோ" என்று கேட்பது. இரண்டு அட்டவணைகளின் எல்லாப் புலங்களும் வரும். 'பெயர்' இரண்டு தடவை வரும். புலத்தின் பெயரை வைத்து விடையை வாசிக்கும் செய்நிரல் அவற்றில் ஒன்றைத் தவறவிடக்கூடும். 'நூ.*' என்றால் நூல்களின் புலங்கள் மட்டும். உடுவுக்கும் முதலெழுத்து உதவுகிறது.

2005 முதல் 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் வருடப்பட்டு ஏறிவருகின்றன. அதைப் பார்த்து நமது வாசிகசாலையும் பக்கப் படங்களை நூல்கள் அட்டவணையிலேயே ஒரு புலமாகச் சேர்த்தால் என்னாகும்? தலைப்பை மட்டும் காட்டவேண்டிய திரைக்காகவும் 'நூ.*' அத்தனை படங்களையும் சுமந்துவரும். அட்டவணையில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் எட்டிப்பார்க்க உடு நல்லது. நாளாந்தம் ஓடும் வினவலில் வேண்டிய புலங்களைப் பெயர்சொல்லிக் கேட்பதே நல்லது.

மாற்றுப்பெயராக ஏ, பி, சி என்று வைப்பவர்களும் உண்டு. கணினிக்கு அது போதும். ஆறு மாதம் கழித்து அந்த வினவலைத் திறப்பவருக்கோ, 'வை'யைக் கண்டதும் வைரவநாதர் தெரியவேண்டும்.