தோத்த மறுநாள் ஜெர்சி வாங்குங்க

ஐ.பி.எல். ஆரம்பிச்சா ஹாஸ்டல் மொட்டை மாடி கொடியில காயுற துணியோட நிறமே மாறிடும். முக்கால்வாசி மஞ்சள், நடுவுல ரெண்டு மூணு சிவப்பு. (ஆர்.சி.பி. ரசிகர்களும் நம்ம பிள்ளைங்கதான், விடுங்க.) இதுல கொடுமை என்னன்னா, அதே ஏப்ரல், மே மாசத்துலதான் எக்ஸாம் ஃபீஸ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் அவுட், பைண்டிங், ஃபேர்வெல் வசூல் எல்லாம் வரிசை கட்டி வரும். வீட்டுலேர்ந்து வர்ற காசு மட்டும் ஜனவரியில வந்த அதே காசுதான்.

டீம் மேல இருக்கிற பாசம் குறையாம, அக்கவுன்ட்ல இருக்கிற காசை மட்டும் எப்படிக் காப்பாத்துறது? என்கிட்ட இருக்கிறது ஒரே விதி. ஜெயிச்ச ராத்திரி டீம் பேர்ல எதையும் வாங்காதீங்க. வாங்கியே ஆகணும்னா தோத்த மறுநாள் வாங்குங்க. கேட்க காமெடியா இருந்தாலும் இதுக்குப் பின்னாடி ஒரு உருப்படியான காரணம் இருக்கு.

மேட்ச் முடிஞ்சதும் காமன் ரூம்ல பேசுறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. ஜெயிச்சா, "நாம ஜெயிச்சுட்டோம்டா!" தோத்தா, "அவனுங்க சொதப்பிட்டானுங்கடா." ஆடினது ரெண்டு நாளும் அதே பதினோரு பேர்தான். சோஃபாவுல உக்காந்து சிப்ஸ் சாப்பிட்ட நாம மட்டும் ஒரு நாள் டீம்ல இருக்கோம், மறுநாள் காணாமப் போயிடுறோம்.

இதை அமெரிக்காவுல ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவரும் கூட இருந்தவங்களும் சேர்ந்து 1976ல வெளியிட்ட ஆய்வு அது. ஏழு பல்கலைக்கழகங்கள்ல, சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை வகுப்புல, எத்தனை பேர் தங்களோட காலேஜ் பேர் போட்ட சட்டை போட்டு வந்திருக்காங்கன்னு எண்ணினாங்க. அவ்வளவுதான், எண்ணினாங்க. டீம் ஜெயிச்ச வாரத்துல அந்தச் சட்டைகள் அதிகம், தோத்த வாரத்துல கம்மி. அப்புறம் மாணவர்களுக்குப் போன் போட்டு மேட்ச்சைப் பத்திக் கேட்டாங்க. ஜெயிச்ச மேட்ச்சைப் பத்திச் சொல்லும்போது 'நாங்க'ங்கிற வார்த்தை கூடுதலா வந்துச்சு. நம்ம காமன் ரூம்ல நடக்குற அதே கதை!

இதுலயே எனக்குப் பிடிச்ச பகுதி இன்னொன்னு. போன்ல முதல்ல ஒரு குட்டி வினாடி வினா வெச்சு, சில பேர்கிட்ட "நல்லா பண்ணியிருக்கீங்க"ன்னும், சில பேர்கிட்ட "சரியா பண்ணல"ன்னும் சொன்னாங்க. அப்புறம்தான் மேட்ச் பேச்சு. சரியா பண்ணலன்னு கேட்டவங்கதான் ஜெயிச்ச மேட்ச்சை ரொம்ப 'நாங்க' போட்டு சொந்தம் கொண்டாடினாங்க. அதாவது தனக்கு அடி விழுந்த அன்னிக்கு, டீமோட வெற்றி கொஞ்சம் கூடுதலாத் தேவைப்படுது.

இப்போ நம்ம வாழ்க்கைக்கு வாங்க. இன்டர்னல்ஸ் மார்க் போர்டுல ஒட்டின நாள். பிளேஸ்மென்ட்ல ரெண்டாவது ரவுண்டுல பேர் இல்லாத நாள். அன்னிக்கு ராத்திரி பார்த்து டீம் ஜெயிச்சுடுது. பதினொன்றரை மணிக்கு கையில போன், கார்ட்ல ஜெர்சி. அந்த நேரத்துல நாம வாங்குறது துணி இல்ல. காலையிலேர்ந்து கேட்ட 'இல்ல'வுக்கு ஒரு மருந்து வாங்குறோம். மருந்து அரை மணி நேரத்துல வேலையை முடிச்சுடும், பார்சல் மட்டும் நாலு நாள் கழிச்சு வந்து நிக்கும். பசங்களைக் கிண்டல் பண்றதுக்காக இதைச் சொல்லல. பக்கத்து ரூம் பையன் ஒரே வாரத்துல மூணு பார்சல் வாங்கினான்னா, "டேய், என்னடா ஆச்சு?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பேச்சு கிரிக்கெட்ல ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் முடியலாம்.

சரி, அதுக்கு ஏன் தோத்த மறுநாள்? ஏன்னா அன்னிக்கு அந்தப் போதை இல்ல. 2025 சீசனை நினைச்சுப் பாருங்க. 14 மேட்ச்ல நாலே நாலு ஜெயிச்சு, சி.எஸ்.கே. முதல் தடவையா டேபிள்ல கடைசி இடம். அந்த மாதிரி ஒரு காலையில, மீம் எல்லாம் பார்த்த பிறகும், "எனக்கு அந்த மஞ்சள் சட்டை வேணும்"னு தோணுச்சுன்னா அது உண்மையான ஆசை. தாராளமா வாங்குங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். தோணலைன்னா, உங்களுக்கு வேண்டியிருந்தது சட்டை இல்ல, முந்தின வாரத்து வெற்றி. அது ஏற்கெனவே இலவசமா கிடைச்சாச்சு.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா அடுத்த ஆபத்து, முதுகுல பேர் போடுறது. 2023 ஃபைனலை யாரும் மறந்திருக்க முடியாது. மழையில தள்ளிப்போன மேட்ச், நள்ளிரவு தாண்டிடுச்சு, கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அந்த ராத்திரி 'ஜடேஜா 8'னு போட்டு மஞ்சள் ஜெர்சி ஆர்டர் பண்ணணும்னு யாருக்குத்தான் தோணாது? 2025 நவம்பர்ல என்ன ஆச்சு? டிரேட்ல ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார், சஞ்சு சாம்சன் இந்தப் பக்கம் வந்தார். சில வருஷத்துக்கு ஒரு தடவை மெகா ஏலம் வந்து மொத்த டீமையே கலைச்சுப் போட்டுடும். அதனால ஒரு சீசனுக்கு மேல போடணும்னு நினைச்சா பேர் இல்லாத ஜெர்சிதான் புத்திசாலித்தனம். பேர் போட்டா பெரும்பாலும் ரிட்டர்னும் எடுக்க மாட்டாங்க. ஆனா அந்த ஒரு ராத்திரியோட ஞாபகமா வெச்சுக்கணும்னு வாங்குறீங்கன்னா, அது வேற கணக்கு. ஜடேஜா எங்க ஆடினாலும் அந்த ஃபோர் நம்மளுதுதான்.

இந்தியா ஜெர்சியிலயும் இதே கதைதான். முன்னாடி இருக்கிற ஸ்பான்சர் பேர் 2019ல பைஜூஸ், 2023ல ட்ரீம்11, 2025 செப்டம்பர்ல அப்போலோ டயர்ஸ். "புது ஜெர்சி வந்துடுச்சு"ன்னு ஒவ்வொரு தடவையும் ஓடினா நாம ரசிகர் இல்ல, சந்தாதாரர். இங்கிலாந்து ஃபுட்பால் பார்க்குறவங்க பாடு இன்னும் மோசம். பெரிய கிளப் எல்லாம் ஒரே சீசனுக்கு ஹோம், அவே, தேர்டுன்னு மூணு ஜெர்சி விடும். ஒரு நல்ல விஷயம், புது சீசன் ஜெர்சி வந்ததும் பழசுக்கு விலை இறங்கும். போன வருஷ ஜெர்சி போட்டா பாசம் குறைஞ்சதா அர்த்தம் இல்ல. சொல்லப்போனா பழைய ஜெர்சி போட்டவனைத்தான் "ஓ, ரொம்ப நாள் ரசிகர் போல"ன்னு பார்ப்பாங்க.

ஒரு சின்ன கணக்கு. 2023ல அடிடாஸ் இந்திய ஜெர்சி விட்டப்போ 4,999, 2,999, 999னு மூணு விலை வெச்சாங்க. ஐ.பி.எல். லீக்ல ஒரு டீமுக்கு 14 மேட்ச். 999 ரூபாய் சட்டையை 14 மேட்ச்சுக்கும் போட்டா மேட்ச்சுக்கு 71 ரூபாய். 4,999னா 357 ரூபாய். 357 ரூபாய்க்கு பரோட்டா கடையில நாலு பேர் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே மேட்ச் பார்க்கலாம். 4,999 சட்டை மோசம்னு சொல்லல. அது ஆடுறவங்களுக்காகத் தைச்சது, நாம ஆடுறது இல்ல.

ஆப் பக்கம் ரெண்டு வேலை பண்ணிடுங்க போதும். ஒண்ணு, மேட்ச் நேரத்துல ஷாப்பிங், சாப்பாடு ஆப் ரெண்டுக்கும் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. சரியா இன்னிங்ஸ் பிரேக்ல "பசிக்குதா?"ன்னு வரும் பாருங்க, அது நம்ம மேல அக்கறையில இல்ல. ரெண்டு, கார்டு நம்பரை ஆப்ல சேவ் பண்ணி வெக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் பீரோவுல இருக்கிற கார்டை எடுத்து, பதினாறு நம்பர் அடிக்கணும்னா பாதி ஆசை அங்கேயே அவுட். ஐ.பி.எல்.ல ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட் ரெண்டரை நிமிஷம். நமக்கு ஒரு நாள் வேணும். கார்ட்ல போட்டுட்டு தூங்கிடுங்க. "3 மட்டுமே மிச்சம்"னு பயமுறுத்தினா நம்பாதீங்க, சீசன் முழுக்க விக்கிற சட்டை அது. "இன்னும் 151 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி இலவசம்"னா, 40 ரூபாய் டெலிவரியை மிச்சம் பிடிக்க 151 ரூபாய்க்கு சாக்ஸ் வாங்குறோம்னு அர்த்தம். நாலு வருஷம் மேத்ஸ் படிச்சவங்க நாம.

கடைசியா, சேப்பாக்கம் வெளியில வாலாஜா ரோட்டுலயோ, ஊர் பஜார்லயோ பேரம் பேசி வாங்குறவங்களுக்கு. சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. வெளியில மஞ்சள், உள்ள வெளுப்பா இருந்தா அது சப்ளிமேஷன் பிரின்ட். பேப்பர்ல இருக்கிற மையை 200 டிகிரி வாக்குல சூடு பண்ணினா அது ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள்ளேயே போய் உக்காந்துடும். அதனால உரியாது, வெடிக்காது. நம்ம டிபார்ட்மென்ட் ஜெர்சியெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். விரலால தடவும்போது எழுத்து பிளாஸ்டிக் மாதிரி தனியா எழும்பி நின்னா அது மேல ஒட்டின ஷீட். நாலு தடவை துவைச்சா ஓரம் தூக்கும், 'தோனி' 'தோ' ஆயிடும். ஒட்டின வகையை வாங்கிட்டீங்கன்னா உள்பக்கம் திருப்பி பச்சைத் தண்ணியில அலசுங்க, நிழல்ல காயப் போடுங்க. எந்த வகையா இருந்தாலும் பேன்ட்டுக்கு வெக்கிற அதே சூட்டுல அயர்ன் பாக்ஸை வெச்சுடாதீங்க. பாலியெஸ்டர் உருக 260 டிகிரி கிட்ட ஆகும்தான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகி, நெஞ்சுல முக்கோணமா ஒரு பளபளப்பு விழுந்துடும். அதை ஸ்பான்சர் லோகோன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.