இலையுதிர் காலமும் ஒளிப்படக் கலையும்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள ஆறு மாநிலங்களைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பர். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் முதலியவை அவற்றுள் அடங்கும். செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அங்குள்ள மலைக்காடுகள் பொன்னும் செம்மையுமாகக் காட்சி தரும். ஓரிடத்தில் நிறம் முதிர்ந்து நிற்பது சில நாள்களே; பெருங்காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை. ஆதலின், பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர் அந்நாள்களைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். தவறாது சென்று எடுத்தவர் பலரின் படங்களுங்கூட, கண்ட அழகிற் பாதியையும் காட்டுவதில்லை. இதற்குக் காரணம் யாது?

முதலில் இலையின் இயல்பை அறிதல் வேண்டும். கோடையில் பச்சையம் மிகுந்திருப்பதால் இலையில் உள்ள மஞ்சள் நிறமி தோன்றுவதில்லை. பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கியதும் பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பிர்ச் மரம் பொன்னிறம் பெறுவது இவ்வாறே. மேப்பிள் மரத்தின் செம்மை வேறு வகையினது. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு அப்பருவத்திலே புதிதாக உண்டாகும் அந்நிறமிக்கு அந்தோசயனின் என்று பெயர். வெயிலுள்ள பகலும் உறைபனி விழாத குளிரிரவும் தொடர்ந்து வருமாயின் செம்மை மிகும்.

இந்நிறமிகள் யாவும் இலையின் உள்ளே இருப்பவை. இலையின் மேற்பரப்போ வழவழப்பானது. வானத்தின் ஒளி அதன்மேல் பட்டுத் தெறிக்கும்போது வெளிறிய பளபளப்பு ஒன்று நிறத்தை மூடிக்கொள்கிறது. மனிதக் கண் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காமிராவோ உள்ளதை உள்ளவாறே பதிந்துவிடுகிறது. படங்கள் வெளிறிப்போவதற்கு இது முதற் காரணம்.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கதிரவனை எதிர்நோக்கி நின்று, இலையை ஊடுருவி வரும் ஒளியில் படமெடுத்தல். அக்டோபர் நடுவில் வெர்மான்டில் நண்பகலிலும் கதிரவன் ஏறத்தாழ 38 பாகை உயரமே எழுவதால், சாய்ந்த ஒளி நாள் முழுதும் கிடைக்கும். காமிராவின் கண்ணாடியில் வெயில் நேரே படாதவாறு மரத்தின் நிழலில் நிற்பது நன்று. இரண்டு, மேகமூட்டமான நாளைத் தேர்தல். அப்போது நிழலின் கருமை குறைந்து நிறங்கள் ஒரு சீராகத் தோன்றும். வெளிறிய வானத்தை மட்டும் படத்திற்குள் விடலாகாது. மூன்று, போலரைசர் என்னும் வடிகண்ணாடியைப் பொருத்திச் சுழற்றிப் பார்த்தல். பளபளப்பு அடங்கும் நிலையில் நிறுத்தினால் நிறம் தெளியும். மழை பெய்து ஓய்ந்த காட்டில் இதன் பயன் பெரிது.

இக்காலத்து இலக்கமுறைக் காமிராவால் வரும் இடர் ஒன்றுண்டு. காட்சி முழுதும் சிவந்திருந்தால், அதன் தானியங்கி நிறச்சமன் அச்செம்மையை மிகையெனக் கருதிக் குறைத்துவிடக்கூடும். எனவே பகலொளிக்குரிய அமைப்பில் நிறுத்தி வைத்தல் வேண்டும். வெளிச்சம் மிகுந்தால் சிவப்பு இலையின் நரம்புகள் மறைந்து வெறுந்திட்டாகிவிடும். அதனைச் சிறிது குறைத்தெடுப்பதே தக்கது. இவ்வாறு அழிந்த நுட்பத்தைப் பின்னர்க் கணினியில் நிறங்கூட்டி மீட்க இயலாது.

இக்கலையில் பெயர் பெற்ற எலியட் போர்ட்டர் தொடக்கத்தில் பொழுதுபோக்காகவே படமெடுத்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று அங்கேயே ஆய்வுப் பணியும் செய்தார். 1939இல் அப்பணியை விட்டு ஒளிப்படத்தையே தொழிலாகக் கொண்டார். எழுத்தாளர் தோரோவின் உரைநடைப் பகுதிகளோடு, இவர் எடுத்த நியூ இங்கிலாந்தின் பருவக் காட்சிகளைச் சேர்த்து 1962இல் சியரா கிளப் நூலாக வெளியிட்டது. மலையின் பெருந்தோற்றத்தை விடுத்து, நீரோடைக் கரை, தரையில் உதிர்ந்த இலைகள் போன்ற சிறு காட்சிகளை மென்மையான ஒளியில் காட்டியமை அவர் படங்களின் சிறப்பு.

ஆகவே, விலையுயர்ந்த கருவி இல்லையென்று வருந்த வேண்டுவதில்லை. ஒரே மரத்தை நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஒளி எப்பக்கம் இலையை ஊடுருவுகிறது என்று பார்த்தபின் படமெடுக்கும் பழக்கம், எளிய காமிராவிலும் நல்ல பயனைத் தரும்.