நகரும் குடிகள் – 9: ஆடிக்கு ஊர் திரும்புகிறவர்கள்

சென்ற வாரம் மொங்கோலியப் புல்வெளியில் இருந்தோம். மந்தைக்குப் புல் தேடி ஆண்டுக்குப் பல தடவை கூடாரம் பிரிக்கும் குடும்பங்களின் வீட்டு முறைகளைப் பார்த்தோம். வாசற்படியை மிதிக்கலாகாது, வந்தவர் யாரானாலும் முதலில் உப்புப் போட்ட பால் தேநீர், கொடுப்பதை வலது கையால் வாங்க வேண்டும். அந்தக் கூடாரம் கட்டும் கைவினையையும் அதைச் சூழ்ந்த வழக்கங்களையும் யுனெஸ்கோ 2013இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. புல்லுக்குப் பதில் மீனையும், மந்தைக்குப் பதில் வலையையும் வைத்துக்கொண்டு அதே வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் நம் புத்தளக் கரையிலேயே இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி.

கொழும்பு–புத்தளம் வீதியில், சிலாபம் தாண்டி, பத்துளு ஓயாவில் கடல் பக்கம் திரும்பினால் உடப்பு. ஒரு புறம் கடல், மறு புறம் முந்தல் களப்பும் ஒல்லாந்தர் கால்வாயும். நடுவே நாடாவைப் போல ஓடும் மணல் திட்டில் நெருக்கியடித்த வீடுகள். இம்மாவட்டத்தில் தமிழ் பேசும் இந்து ஊர்கள் சிலவே. அவற்றில் உடப்பு பேர்பெற்றது. முன்னோர் இராமேஸ்வரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர்மரபு.

இங்கே வருடத்தைப் பிரிப்பது காற்று. வாடை வீசும் மாதங்கள் தொடங்கிச் சித்திரை வரை மேற்குக் கடல் வலைக்கு இடம் தரும். வைகாசியில் சோழகம் எழுந்துவிட்டால் அலை கரையை அறையும். தோணி தள்ள முடியாது. அப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஆகவே தோணி, வலை, கயிறு, அரிசி மூட்டை, சட்டி பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய்க் கிடுகால் வாடி கட்டி அமர்வார்கள். காற்று மாறினால் வாடி கலையும், மறுபடி உடப்பு. தீவின் ஒரு கரை மூடும்போது மறுகரை திறக்கிறது என்ற கடலறிவின் மேல் கட்டிய வாழ்க்கை இது. சிலாபம், நீர்கொழும்புக் கத்தோலிக்க மீனவரும் இதே கணக்கில்தான் வாடி போட்டார்கள்.

தொழில் கரைவலை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை வளைத்து இறக்கி, மறுமுனையோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். பிறகு இரண்டு அணி இரு பக்கமும் நின்று இழுக்க வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் வேலை. ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ‘ஏலேலோ’ சொல்லி அதே அடியில் காலூன்றிக் கயிற்றை வாங்குவார்கள். அம்பா என்று இதற்குப் பெயர். களைப்பை மறக்கப் பாடுவது என்று பலர் எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமான வேலை அதற்கு உண்டு: ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் தப்பும். அத்தனை கைகளையும் ஒரே நேரத்தில் இழுக்க வைப்பது அந்தத் தாளம்தான்.

வலை யாருடைய பாட்டில், அதாவது வலை வளைக்கும் கரைத்துண்டில், இறங்கலாம், இன்று யாருடைய முறை என்பதற்கெல்லாம் ஒழுங்கு இருக்கிறது. மீன் சேரும் வலையின் மடி கரையேறியதும் அங்கேயே மீன் ஏலம் போகும். செலவு கழித்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. எனக்கு மிகவும் பிடித்த முறை இன்னொன்று. வழிப்போக்கரோ, கிழவரோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனோ, கயிற்றில் கை வைத்தவர் எவரானாலும் கறிக்கு மீன் உண்டு. புல்வெளியில் அந்நியருக்கு நீளும் தேநீர்க் கிண்ணமும் இந்தக் கறிமீனும் ஒரே அறத்தில் பிறந்தவை. நாளை என் அடுப்பு எரியுமா என்பது காற்றின் கையில் இருக்கும்போது, இன்று அடுத்தவரைப் பட்டினி போட மனம் வராது.

இப்படி இரண்டு கரையில் சிதறி வாழும் ஊர் எப்படி ஒரே ஊராக நிற்கிறது? பதில் திருவிழாத் தேதிகளில் இருக்கிறது. உடப்புத் திரௌபதை அம்மன் விழா ஆடியில் வருகிறது. பாரதக் கதை நாளுக்கு நாள் கோயில் சடங்காக நடந்து, திருக்கல்யாணம், அர்ச்சுனன் தவம் என்று வளர்ந்து தீமிதிப்பில் முடியும். காப்புக் கட்டி விரதமிருப்பவர் வீட்டில் மச்சம் புழங்காது. மீனையே நம்பி வாழும் ஊரில் இது சின்னக் காரியமல்ல. ஆடி என்பது மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதம், ஊரில் தொழில் இல்லாத மாதம். கிழக்கே போனவன் நேர்த்திக்கு ஊர் திரும்பினால் சொந்தபந்தம் எல்லாரையும் ஒரே இடத்தில் காணலாம். கற்பிட்டிப் பக்கம் தலவில் புனித அன்னம்மாள் பெருவிழா ஆகஸ்டில். முன்னேஸ்வரத்துப் பெருந்திருவிழா தெதுறு ஓயாத் தீர்த்தத்தோடு நிறைவதும் அதே பருவத்தை ஒட்டித்தான். மூன்று கோயில், இரண்டு மதம், ஒரே காற்று. மொங்கோலியர் நாதம் விழாவை, புல் செழித்த ஜூலை நடுவில், 11ஆம் திகதி தொடங்குவதும் இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும்.

1983க்குப் பின் போர் இந்தச் சுற்றை அறுத்தது. கிழக்குக் கரைக்குப் போவது உயிருக்கு ஆபத்தானது. ஒரு தலைமுறை மேற்கிலேயே முடங்கியது. 2009க்குப் பிறகு பாதை திறந்தபோது கரை பழைய கரையாக இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய முல்லைத்தீவு மக்களுக்குத் தம் பாடுகள் வேண்டும்; தெற்கிலிருந்து வந்தவர்கள் அனுமதிப் பத்திரத்தைக் காட்டுகிறார்கள். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் தகராறு ஓயவில்லை. வாடி போடுவது பருவத்துக்கு வந்து போகும் உறவாக இருந்த காலத்தில் அது இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்ட விஷயம். அது நிலைகொள்வதாக மாறியதும் உள்ளூரவருக்கு அச்சம் வந்தது; அந்த அச்சம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

உடப்பிலும் கடலரிப்பு கரையைத் தின்கிறது. வலை வளைக்கவும் கருவாடு காயப்போடவும் அகன்ற மணல் வேண்டும். இழுக்கும் முறையும் மாறிவிட்டது: பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி கயிற்றை இழுக்கிறது. நாற்பது பேர் வேலையைச் சிலர் முடித்துவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு அம்பா வேண்டியதில்லை. கயிற்றில் கை வைக்க இடமில்லாத அந்தப் பையனுக்குக் கறிமீனை இனி எந்த முறையில் கொடுப்பது என்பதைச் சம்மாட்டிமார் தமக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

(தொடரும்)