வயசுப் பிள்ளைகளை ஊர் கூடிக் காப்போம்



பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், இனி கவலையில்லை என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் பிள்ளைக்கு இரண்டாவது கண்டம் வருகிறது.

வடசென்னையில் மூலக்கொத்தளம், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கிய பகுதிகள். உங்கள் ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அங்கே இருப்பார்கள். அப்பா லாரியில், அம்மா வீட்டு வேலையில். மூலக்கொத்தளத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "பையன் கெட்டவன் இல்லே சார். சாயங்காலம் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அந்த நாலு மணி நேரத்தில்தான் மாவா பழகுகிறது, கஞ்சா பழகுகிறது. "இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா" என்று ஒருவன் கையில் காசு வைக்கிறான்.

இது எதனால்?

இந்த வயதில் உடம்பு வேகமாக வளர்கிறது. ஆனால் முன்பின் யோசித்து நடக்கச் செய்யும் மூளைப் பகுதி இருபது வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் கூட்டாளிகள் முன்னால் துணிச்சல் காட்டத் தோன்றும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள இயல்பு. அடித்தால் தீராது. நல்ல கூட்டமும், கவனிக்கும் பெரியவர்களும் வேண்டும்.

அங்கே என்ன செய்தார்கள்?

மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள வியாசர்பாடியில், 1997-இல் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து பழக்க ஆரம்பித்தார்கள். பந்தோடு படிப்பையும் சேர்த்தே பார்த்தார்கள்.

புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுத்தார். அவர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார்.

2022 செப்டம்பரில் சென்னைக் காவல்துறை 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கியது. 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 பேர் வீதம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆசிரியரும் போலீஸ்காரரும் ஒரே இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள்.

இதனால் பாதுகாப்பு எப்படி வரும்?

ஒன்று, வெறுமையான மாலை நேரம் நிரம்புகிறது. இரண்டு, பையன் இரண்டு நாள் வராவிட்டால் "ஏன் வரலே?" என்று கேட்க ஆள் இருக்கிறது. மூன்று, போலீஸ் என்றால் பயந்து ஓடிய பிள்ளை, ஆபத்து என்றால் அவரிடமே போய்ச் சொல்லப் பழகுகிறது. வாத்தியார், போலீஸ், நர்சு, பெற்றோர் ஆகிய நாலு பேரும் தனித்தனியே பார்த்தால் கால்வாசிதான் தெரியும். சேர்ந்து பேசினால் முழுப் பிள்ளையும் தெரியும்.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

1. கிராம சபையில் கணவன் மனைவி இருவருமாகப் போய், பிள்ளைகளுக்கு ஆடுமிடமும் விளக்கும் கேளுங்கள்.
2. நல்ல இளைஞர்கள் இருவரையும், மகளிர் குழுவில் ஒருவரையும் பொறுப்பாக வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இடமும் நேரமும் ஒதுக்குங்கள்.
3. மாதம் ஒரு நாள் வாத்தியார், கிராம சுகாதார செவிலியர், காவல் நிலையத்தார், பெற்றோர் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.
4. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள்.
5. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை வேண்டுமென்றால் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளைத் தனி ஒருவர் பொறுப்பில் விடாதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும். சாதிக் கொடியும் கட்சிக் கொடியும் அங்கே வேண்டாம். தவறு செய்த பிள்ளையை 'ரவுடி' என்று பேர் வைத்து விரட்டாதீர்கள். விரட்டினால், அவனைச் சேர்த்துக்கொள்ள வேறொருவன் காத்திருக்கிறான்.

இன்று மாலை உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான்? பதில் தெரியாவிட்டால், இன்றைக்கே பக்கத்து வீட்டாரோடு பேசத் தொடங்குங்கள்.

பெற்ற பிள்ளை நம் பிள்ளை. ஊர்ப் பிள்ளையும் நம் பிள்ளையே!