கறையானுக்குக் கரப்பான் என்ன உறவு?

கறையானை 'வெள்ளை எறும்பு' என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. எறும்பு, குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். கறையானோ கரப்பான் பூச்சி வம்சம். நம்பச் சிரமமாக இருந்தால் இரண்டு பூச்சிகளைப் பாருங்கள்.

ஒன்று, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் வாழும் கிரிப்டோசெர்கஸ் என்னும் மரக்கரப்பான். இறக்கை கிடையாது, வீட்டுப் பக்கமும் வராது. விழுந்து மக்கும் மரத்தைக் குடைந்து, ஆணும் பெண்ணுமாகக் குடியேறி, அந்த மரத்தையே தின்று வாழ்கிறது. மரத்தைச் செரிக்க உதவுபவை அதன் பின்குடலில் வாழும் ஒரு செல் உயிரிகள். பிறந்த குஞ்சின் குடலில் அவை இருக்காது. தாய் தகப்பனின் ஆசனவாயில் கசியும் திரவத்தைக் குடித்துத்தான் அவற்றைப் பெறுகிறது. அருவருக்க வேண்டாம், அந்தக் குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

இதே வகை உயிரிகளைக் குடலில் வைத்திருக்கும் கறையான்களும் உண்டு. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றை இழந்துவிட்டு, கூட்டாளியிடம் குடித்துத் திரும்பப் பெறுகின்றன. தனித்துப் போனால் பிழைப்பில்லை. கறையானின் கூட்டு வாழ்க்கைக்கு வித்திட்டதே இந்தப் பகிர்தல்தான் என்ற கருத்து எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

மற்றொன்று, வட ஆஸ்திரேலியாவின் மாஸ்டோடெர்மஸ் டார்வினியென்சிஸ். மரம், பயிர் என்று எதையும் விட்டுவைக்காத கறையான். மற்றக் கறையான்கள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும்போது, இது கரப்பானைப் போல இரண்டு வரிசையாக ஒட்டி இடுகிறது. அதன் கொழுப்புத் திசுவில் பிளாட்டபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி குடியிருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கரப்பான்களிலும் உள்ள இந்த நுண்ணுயிரி, கறையான்களில் இது ஒன்றிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

2007இல் லண்டன் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கறையான் என்பது கூட்டமாக வாழும் கரப்பானே என்று உறுதிசெய்தார்கள். மரக்கரப்பான்தான் அதற்கு மிக நெருங்கிய உறவு.

அடுத்த மழைக்கு, இறக்கை முளைத்த கறையானான ஈசல் வந்தால், காலையில் உதிர்ந்து கிடக்கும் இறக்கைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். கரப்பானின் பின்னிறக்கையில் விசிறிபோல் மடங்கும் அகன்ற மடல் அவற்றில் இராது. அந்த மடலை இன்றுவரை வைத்திருக்கும் ஒரே ஈசல், அந்த ஆஸ்திரேலியக் கறையானின் ஈசல்தான்.