சரிந்த நீலச் சாளரம்: பாறைகளை யாரிடமிருந்து காப்பது?

மத்தியதரைக் கடலில் அமைந்துள்ள மால்டா நாட்டின் கோசோ தீவில், 2017-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி காலை, கடும் புயலின்போது மாபெரும் சுண்ணாம்புப் பாறை வளைவு ஒன்று இடிந்து கடலில் வீழ்ந்தது. 'அஷூர் விண்டோ', அதாவது நீலச் சாளரம் என்று அழைக்கப்பட்ட அந்த வளைவின் உயரம் சுமார் 28 மீட்டர். வளைவுடன் அதனைத் தாங்கி நின்ற தூணும் நீருக்குள் மறைந்தது. அஞ்சல் அட்டைகளிலும், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரிலும் உலகெங்கும் உள்ளவர்கள் கண்டு வியந்த அக்காட்சி ஒரே காலைப் பொழுதில் இல்லாமல் போனது.

நாட்டின் அடையாளம் ஒன்றை இழந்த துயரத்துடன், அரசு இதனைத் தடுத்திருக்க முடியாதா என்ற கேள்வியும் மால்டாவில் எழுந்தது. அரிப்பு தவிர்க்க முடியாதது, ஆயினும் உடனடி ஆபத்து இல்லை என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியிருந்தது. இடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், வளைவின் மீது ஏறி நடப்பவர்களுக்கு 1,500 யூரோ அபராதம் என்ற உத்தரவும் பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் வளைவை வீழ்த்தியவை மனிதக் காலடிகள் அல்ல, அலைகள்.

இயற்கை செதுக்கிய பாறை வடிவங்களைக் காப்பது என்றால் உண்மையில் என்ன பொருள்? அவற்றை யாரிடமிருந்து காப்பது? இக்கேள்விகளுக்கு விடை காண, அவை எவ்வாறு உருவாகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

உருவாக்கும் கையே அழிக்கும் கை

கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையை அலைகள் இருபுறமும் தாக்கும்போது, மென்மையான பகுதிகள் முதலில் கரைந்து குகைகள் தோன்றுகின்றன. இரு பக்கத்துக் குகைகளும் உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும்போது வளைவு பிறக்கிறது. காலப்போக்கில் வளைவின் மேற்பகுதி இடிந்து வீழ, கடலில் தனித்த தூண் எஞ்சுகிறது. இறுதியில் அத்தூணும் சாய்கிறது. நாம் அழகு என்று படம் பிடிப்பது, இந்த நீண்ட அழிவின் ஒரு கட்டத்தை மட்டுமே.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரையில் இவ்வரிசை முழுவதையும் காணலாம். 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' எனப் பெயர் பெற்ற சுண்ணாம்புத் தூண்கள் அங்கு உள்ளன. பெயரில் பன்னிரண்டு இருந்தாலும், அக்கூட்டத்தில் பன்னிரண்டு தூண்கள் ஒருபோதும் இருந்ததில்லை. 2005 ஜூலையில் அவற்றுள் சுமார் 50 மீட்டர் உயரமான ஒன்று சரிந்தது. அதே கடற்கரையில் 'லண்டன் பாலம்' எனப்பட்ட இரட்டை வளைவின் ஒரு பகுதி 1990 ஜனவரி 15 அன்று இடிந்தபோது, கடல் பக்கம் சிக்கிக்கொண்ட இரு சுற்றுலாப் பயணிகள் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர்.

கடலே இல்லாத இடங்களிலும் வளைவுகள் தோன்றுகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற உப்புப் படிவம், தன் மேல் குவிந்த பாறைகளின் பாரத்தால் மெதுவாக நகர்ந்தது. அதனால் மேலிருந்த மணற்பாறை இணையான கோடுகளாக வெடித்தது. வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் மணல் துகள்களைப் பிணைத்திருந்த சுண்ணத்தைக் கரைத்தது. குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்தது. இவ்வாறு எஞ்சிய மெல்லிய பாறைச் சுவர்களில் துளைகள் விழுந்து வளைவுகளாயின.

பாரமே பாதுகாப்பு

இத்தனை மெல்லிய வளைவுகள் எவ்வாறு நிற்கின்றன என்பதற்கு, பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2014-இல் விளக்கம் ஒன்றை முன்வைத்தனர். மணற்பாறையின் மீது பாரம் அழுத்தும்போது மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்கின்றன. பாரம் தாங்காத பகுதிகள் நீரில் உதிர்ந்துவிட, பாரம் தாங்கும் பகுதிகள் அரிப்பை எதிர்த்து நிற்கின்றன. பாறை மெலிய மெலிய, எஞ்சிய பகுதியின் மீதான அழுத்தம் கூடி அதன் உறுதியும் கூடுகிறது. தூணாகவும் வளைவாகவும் நாம் காண்பது, சுமையைச் சுமந்துகொண்டிருப்பதால் நிலைத்த பகுதியே.

இந்த உறுதிக்கும் எல்லை உண்டு. அதே பூங்காவில் சுமார் 88 மீட்டர் நீளமுள்ள 'லேண்ட்ஸ்கேப்' வளைவிலிருந்து 1991 செப்டம்பரில் 18 மீட்டர் நீளப் பாறைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னர் வளைவின் கீழ் செல்லும் பாதை மூடப்பட்டது. 2008 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் 'வால்' வளைவு முழுவதும் இடிந்தது. பூங்கா நிர்வாகம் இரண்டையும் இயற்கை நிகழ்வாகவே ஏற்றுக்கொண்டது.

இரும்பும் சிமெந்தும்

எல்லா அரசுகளும் அவ்வாறு ஏற்றுக்கொள்வதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மலைச்சரிவில் நீண்டிருந்த கருங்கல் அடுக்குகள் பக்கவாட்டில் பார்க்கும்போது முதியவர் ஒருவரின் முகம்போல் தெரிந்தன. 'மலையின் முதியவர்' என்றழைக்கப்பட்ட, சுமார் 12 மீட்டர் உயரமான அந்த முகம் 1945-இல் மாநிலத்தின் சின்னமாயிற்று. பின்னர் 2000-ஆம் ஆண்டில் வெளியான 25 சென்ட் நாணயத்திலும் இடம்பெற்றது.

பாறையில் விரிசல் தென்பட்டதால் 1910-களிலேயே இரும்பு இணைப்புகள் பொருத்தப்பட்டன. 1958-இல் சிமெந்து, எஃகுக் கம்பிகள், நீர் வடியக் கான்கிரீட் வாய்க்கால் எனப் பெரும் பணி நடைபெற்றது. ஆயினும் 2003 மே 3 அன்று நள்ளிரவுக்குப் பின் முகம் சரிந்தது. செயற்கையாக மீண்டும் அமைக்கும் யோசனையும் எழுந்து, இறுதியில் கைவிடப்பட்டது. இன்று மலையடிவாரத்தில் நிறுவப்பட்டுள்ள எஃகுத் தூண்களைக் குறிப்பிட்ட இடத்தில் நின்று நோக்கினால், அம்முகத்தின் கோட்டுருவம் மலைமேல் மீண்டும் தோன்றும். மாநிலச் சாலைப் பலகைகளிலும் முதியவர் தொடர்ந்து இருக்கிறார்.

யூட்டாவின் புகழ்பெற்ற 'டெலிகேட்' வளைவுக்கும் 1950-களில் ஒளி ஊடுருவும் பூச்சு பூசிக் காக்கலாமா என்று ஆராயப்பட்டது. அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதோடு, இயற்கையை அதன் போக்கில் விடுதல் என்ற பூங்காவின் கொள்கைக்கும் முரணானது எனக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. தாய்வானின் யேலியு கடற்கரையில் மெலிந்துவரும் கழுத்துடன் நிற்கும் 'அரசியின் தலை' என்ற மணற்பாறை குறித்தும் இதே விவாதம் நிகழ்ந்துள்ளது.

மனிதரிடமிருந்து காத்தல்

அலையையும் உறைபனியையும் தடுக்க இயலாது என்பதால், காப்பதற்கு எதுவுமே இல்லை என்று பொருளல்ல. 2013 அக்டோபரில் யூட்டாவின் கோப்ளின் பள்ளத்தாக்கில் சாரணர் இயக்கத் தலைவர்கள் சிலர், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கூறி, மெல்லிய பீடத்தில் நின்ற பாறையொன்றைத் தள்ளி வீழ்த்தினர். அக்காட்சியின் காணொளி பரவிப் பெரும் கண்டனத்தை எழுப்பியது. இயக்கத்திலிருந்து நீக்கப்பட்டதுடன், அவர்களுள் இருவர் நீதிமன்றத்திலும் நிறுத்தப்பட்டனர்.

தீய நோக்கமற்ற செயல்களும் சேதம் விளைவிக்கின்றன. வட அயர்லாந்தின் 'ஜயண்ட்ஸ் காஸ்வே' கடற்கரையில், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியதால் உண்டான ஏறத்தாழ 40,000 கற்றூண்கள் உள்ளன. அவற்றின் இடுக்குகளில் வருகையாளர்கள் நாணயங்களைச் செருகும் வழக்கம் பரவியது. நாணயங்கள் துருப்பிடித்து விரியும்போது கல் பிளக்கிறது. அதன் முகத்தில் செந்நிறக் கறையும் படிகிறது. இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு, அவ்விடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2025-இல் வேண்டுகோள் விடுத்தது.

மத்திய ஆஸ்திரேலியாவில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு பாறை மற்றொரு பாடம். அனங்கு பழங்குடியினருக்குப் புனிதமான அப்பாறையின் உரிமை 1985 அக்டோபர் 26 அன்று அவர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. ஏற வேண்டாம் என்று அவர்கள் விடுத்த வேண்டுகோள் நெடுங்காலம் வேண்டுகோளாகவே நீடித்தது. சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019-இல் அதே தேதியில்தான் ஏறுதல் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. இங்கு காக்கப்பட்டது கல் மட்டுமல்ல, அதன் மீது ஒரு மக்கள் கொண்டிருக்கும் உரிமையும்தான்.

இயற்கைக்கும் மனிதருக்கும் இடையிலான இந்தக் கோடு இனி இதே தெளிவுடன் இருக்காது. மனிதச் செயல்களால் புவி வெப்பமடைந்து கடல் மட்டம் உயர்ந்துவருகிறது. நாளை ஒரு கடல் வளைவு வீழும்போது, அதனை வீழ்த்திய அலை முழுவதும் இயற்கையின் அலைதானா என்ற கேள்வி எழும். அப்போது மால்டாவில் கேட்கப்பட்ட கேள்வி, ஓர் அரசை நோக்கி மட்டும் கேட்கப்படுவதாக இராது.